போர்க்களத்துக் கடிதமும் வீட்டுப் பெட்டியும்

சென்ற மாதம் ஒரு பிற்பகலில் கெலிஓயாவிலிருந்து அன்பர் ஒருவர் எமது காரியாலயத்துக்கு வந்திருந்தார். இம்மலரின் நெடுநாள் வாசகர் அவர். கவிதையோ கதையோ கொணர்ந்திருப்பார் என்றே முதலில் எண்ணினேன். ஆனால், அவர் தமது பையிலிருந்து மிகுந்த பக்குவத்தோடு எடுத்து என் மேசைமீது வைத்தது பழைய கடித உறை ஒன்று. பழுப்பேறிய தாள், மடிப்புகளில் கிழிசல், ஒரு மூலையைக் கறையான் தின்றிருந்தது. தபால் முத்திரை ஒட்டப்பட்டிருக்கவில்லை. போர்ப்பணியில் உள்ளவர் அனுப்பியது என்பதற்கான ஆங்கில வாசகம் மேலே. போர்க்களத் தபாற்கந்தோர் ஒன்றின் எண்ணும் 1943 என்ற ஆண்டும் கொண்ட வட்ட முத்திரை ஒருபுறம். தணிக்கையாளர் பார்த்து விடுத்ததைக் காட்டும் இன்னொரு முத்திரை மறுபுறம். நடுவே, கெலிஓயாவை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றின் பெயரும் அவருடைய பாட்டனாரின் பெயரும்.

உறையினுள்ளே கடிதம் இல்லை.

பாட்டனார் திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து மலைநாட்டுக்கு வந்தவர். ஊரிலேயே தங்கிவிட்ட அவருடைய இளைய சகோதரர், இரண்டாவது உலக மகாயுத்தத்தின்போது பட்டாளத்திற் சேர்ந்து கடல் கடந்து சென்றார். எங்கே சென்றார் என்பது இன்று வீட்டில் எவருக்கும் உறுதியாகத் தெரியாது. எகிப்து என்பார் ஒருவர். பர்மா என்பார் மற்றொருவர். பழைய வீட்டைத் திருத்தும்போது றங்குப் பெட்டியின் அடியில் இந்த உறை கிடைத்ததாம். “ஐயா, கடிதம் போய்விட்டது. வெறும் உறையால் ஏதும் பயன் உண்டா?” என்று கேட்டார் அன்பர். அவருக்கு அன்று சொன்ன விடையையும், அதன்பின் என் மனத்தில் எழுந்த எண்ணங்களையும் இவ்வாரம் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

போர்முனையிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதம் மற்றக் கடிதங்களைப் போன்றதன்று. எழுதுபவனுக்கும் படிப்பவருக்கும் இடையே அரசாங்கம் அமர்ந்திருக்கிறது. இருக்கும் இடத்தின் பெயரை எழுதுதல் ஆகாது. படை எங்கே நகர்கிறது என்று எழுதுதல் ஆகாது. எத்தனை பேர் மாண்டனர் என்று எழுதுதல் ஆகாது. எதைப் பற்றி உள்ளம் துடிக்கிறதோ அதை விடுத்து, நலமே, நலமறிய ஆவல் என்று எழுத வேண்டியவன் அவன். முதலாவது உலக யுத்தத்தில் பிரித்தானிய இராணுவம் வழங்கிய அச்சிட்ட தபாலட்டை இதற்குச் சிறந்த சான்று. நான் நலம், வைத்தியசாலையில் இருக்கிறேன், உன் கடிதம் கிடைத்தது என்பன போன்ற வாக்கியங்கள் அதில் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். பொருந்தாதவற்றை வீரன் அடித்துவிட வேண்டும். கையொப்பமும் தேதியும் தவிர ஒரு சொல்லைக் கூட்டி எழுதினாலும் அட்டை அழிக்கப்படும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருந்தது. அன்பையும் அச்சத்தையும் அடித்தல் குறியாற் புலப்படுத்துமாறு மனிதனைப் பணித்த காலம் அது.

எனினும் மனிதன் வழி கண்டான். 1914 ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் இந்தியப் படையினர் பிரான்சு தேசத்தின் மார்செய் துறைமுகத்தில் இறங்கினர். அவர்களிற் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். கூட இருந்த எழுத்தறிந்தவனிடம் சொல்லி எழுதுவித்த அக்கடிதங்களைப் படிப்பதற்கென்றே ஹவல் என்ற அதிகாரியின் கீழ் தணிக்கைக் காரியாலயம் அமைக்கப்பட்டது. தணிக்கையை ஏய்க்க வீரர்கள் மறைமொழி ஒன்றைக் கையாண்டனர். கருமிளகு என்றால் இந்தியச் சிப்பாய். சிவப்பு மிளகு என்றால் வெள்ளைச் சிப்பாய். எந்த மிளகு எவ்வளவு செலவாயிற்று என்று எழுதினால், ஊரிலிருப்போர் இழப்பின் அளவை உணர்ந்துகொள்வர். அடுப்படிச் சரக்கின் பெயரால் மரணக் கணக்கு வீடு வந்து சேர்ந்தது.

இங்கே ஒரு விந்தையைக் காண்கிறோம். அவ்வீரர்கள் எழுதிய கடிதங்களுள் இன்று நாம் படிக்கக் கிடைப்பனவற்றுட் பெரும்பகுதி, வீடுகளிற் பேணப்பட்டதால் வாழவில்லை. தணிக்கையாளர் பேணியதால் வாழ்கிறது. படையினரின் மனப்போக்கை அறிவதற்காக அவர்கள் கடிதப் பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அறிக்கைகளிற் சேர்த்தனர். அவ்வறிக்கைகள் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. அவற்றிலிருந்து அறுநூறுக்கு மேற்பட்ட கடிதங்களைத் தொகுத்து, டேவிட் ஒமிசி என்ற வரலாற்றாசிரியர் 1999 இல் நூலாக்கினார். கிப்ளிங் என்ற ஆங்கில எழுத்தாளர் அந்நாளிலேயே அக்கடிதங்களைப் பார்வையிட்டு, இந்தியச் சிப்பாய்கள் எழுதுவன போன்ற கற்பனைக் கடிதங்களை இயற்றி வெளியிட்டார். தாய்க்கு எழுதியதைத் தாய் இழந்தாள். வேவு பார்த்தவன் வைத்திருந்தான். எழுதியவனின் சொந்த மொழியும் அதில் இல்லை. அதிகாரிக்கு வேண்டிய பகுதியின் மொழிபெயர்ப்பே எஞ்சிற்று.

அத்தொகுதிகளில் இருப்பனவும் பெரும்பாலும் பஞ்சாப் முதலிய வடபுலத்து வீரர்களுடையவையே. தமிழ் வீரர்கள் அக்காலத்தில் இல்லாமல் இல்லை. சென்னைச் சாப்பர்ஸ் படையினர் மெசொப்பொத்தேமியாவிற் பணிபுரிந்தனர். பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய காலாட்படை 1914 நவம்பரில் கிழக்காபிரிக்காவின் தாங்கா என்னுமிடத்திற் போரிட்டது. சில இனத்தாரே போர்க்குணம் உடையவர் என்ற கொள்கையால் பின்னர்ச் சென்னைக் காலாட்படைகள் கலைக்கப்பட்டன. இரண்டாவது யுத்தம் மூண்டு ஆட்கள் தேவைப்பட்டதும் அக்கொள்கை தளர்ந்தது; சென்னைப் படைப்பிரிவு மீண்டும் எழுப்பப்பட்டது. இந்திய இராணுவம் 25 இலட்சம் பேரைக் கொண்டதாக வளர்ந்தபோது, தென்னாட்டுக் கிராமங்களிலிருந்து சென்றவர் தொகை பெரிது. வீரப் புகழுக்காகச் சென்றோர் சிலராக இருக்கலாம். மாதச் சம்பளத்துக்காகவும் வயிற்றுக்காகவும் சென்றோரே பலர். எமது அன்பரின் சின்னப் பாட்டனாரும் அவர்களுள் ஒருவராகலாம். அவ்வளவு பேரும் எழுதிய தமிழ்க் கடிதங்கள் எங்கே?

இக்கேள்வியைக் கெலிஓயாவில் நின்று கேட்பதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. அங்கிருந்து சில மைல் தூரத்தில் இருப்பது பேராதனைப் பூங்கா. தென்கிழக்காசியக் கூட்டுப்படைகளின் தலைமையகத்தை மௌன்ட்பேட்டன் பிரபு 1944 ஏப்ரலில் டில்லியிலிருந்து அப்பூங்காவுக்கு மாற்றினார். 1945 இன் பிற்பகுதியில் அது சிங்கப்பூருக்குச் செல்லும்வரை, பர்மா யுத்தத்தின் கட்டளைகள் மகாவலிக் கரையிலிருந்தே பிறந்தன. கெலிஓயா, கம்பளை வழியாக மலையேறும் புகையிரதத்தை அன்று பார்த்தவர்கள், பல நாட்டுச் சீருடைகளைக் கண்டிருப்பர். அத்தனை பேரும் இங்கிருந்து வீட்டுக்கு எழுதியவர்கள்.

கடிதத்தை விரைந்து சேர்ப்பதற்கு அக்காலத்தில் ஒரு நூதன முறையும் வந்தது. 1941 இல் தொடங்கிய ‘எயார்கிராஃப்’ சேவையில், வீரன் எழுதிய தாளைப் புகைப்படம் பிடித்து, படச்சுருளை மட்டும் விமானத்தில் அனுப்புவர். சேர்ந்த இடத்தில் அதைச் சிறிய தாளில் அச்சிட்டு வீடுகளுக்குக் கொடுப்பர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் ஒரு சிறு சுருளில் அடங்கின. படையினரின் மனவுறுதிக்குச் சோறு எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் வீட்டுக் கடிதம் என்பதைத் தளபதிகள் அறிந்திருந்தனர்.

கண்டியில் அந்நாளிற் பணிபுரிந்தவர்களுள் ஒருவர் போல் சைல்ட் என்ற அமெரிக்கர். அவர் படைவீரரல்லர், அமெரிக்க உளவு நிறுவனத்தின் அலுவலர். அமெரிக்காவிலிருந்த இரட்டைச் சகோதரருக்கு அவர் இங்கிருந்து நீண்ட கடிதங்கள் எழுதினார். கண்டியிற் சந்தித்த சக ஊழியரான ஒரு பெண்ணைப் பற்றியும் எழுதினார். பிற்காலத்தில் சமையற்கலையாற் புகழ்பெற்ற ஜூலியா சைல்ட் அவரே. 1946 இல் இருவரும் மணந்தனர். சகோதரர் கடிதங்களைப் பத்திரப்படுத்தினார். ஆகவே, 1944 இன் கண்டி ஓர் அமெரிக்கரின் கண்ணுக்கு எவ்வாறு தோன்றியது என்பதை இன்று நூல்களிற் படிக்கிறோம்.

அதே காலத்தில் கிழக்காபிரிக்க வீரர்களும் இத்தீவில் இருந்தனர். பதினோராவது கிழக்காபிரிக்கப் படைப்பிரிவு இங்கே பயிற்சி பெற்றுத்தான் 1944 இல் பர்மாவுக்குச் சென்றது. அவர்களைத் தொடர்ந்து கொழும்புக்கு வந்த பீரங்கிப் படையினர் பலர், 1944 பெப்ரவரி 12 அன்று ‘கெடிவ் இஸ்மாயில்’ என்ற கப்பல் மாலைதீவுக்கு அருகில் ஜப்பானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டபோது மாண்டனர். அக்கப்பலில் இறந்தோர் தொகை 1,297. கண்டியிலுள்ள யுத்த மயானத்தில் 203 கல்லறைகள் இருக்கின்றன. பிரித்தானியர் 107 பேர். கிழக்காபிரிக்கர் 35 பேர். இலங்கையர் 26 பேர். இந்தியர் 23 பேர். சில கற்களின் அடியில் குடும்பத்தார் தேர்ந்தனுப்பிய சிறு வாசகம் பொறிக்கப்பட்டிருக்கும். மகன் எழுதிய கடிதங்களுக்கு வீடு அனுப்பிய கடைசிப் பதில் அது. பல கற்களிலோ எண்ணும் பெயரும் நாளும் மட்டுமே. கென்யாவிலோ நியாசாலாந்திலோ இருந்த தாய்க்கு அம்மகன் பேராதனை மழையைப் பற்றி என்ன எழுதுவித்தான்? படிக்க வழியில்லை.

ஆகவே எனக்குத் தோன்றும் உண்மை இது. போர்க்களத்துக் கடிதம் இருவரால் ஆவது. ஒருவன் எழுதுகிறான், மற்றொருவர் வைத்திருக்கிறார். வைத்திருப்பவர் இல்லையேல் எழுதியவன் எழுதாதவனே ஆகிறான். ஆங்கிலக் கவிஞன் வில்பிரட் ஓவன் 1918 நவம்பர் 4 அன்று, யுத்தம் முடிய ஒரு வாரமே இருக்கையிற் கொல்லப்பட்டான். சமாதானத்தை வரவேற்கும் மணியோசை எழுந்த நவம்பர் 11 அன்றுதான் மரணச் செய்தி வீட்டை அடைந்தது. அவன் தாய் சூசன், தமக்கு அவன் எழுதிய ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களைக் காத்தார். மகன் விடைபெற்றபோது உரைத்த சொற்கள் தாகூரின் கவிதை வரிகள் என்பதை அறிந்து, 1920 இல் தாகூருக்கே கடிதம் எழுதினார். அந்தத் தாய்க்கு எழுத்து இருந்தது; பூட்டி வைக்க அலுமாரி இருந்தது.

மலையகத்துத் தாய்க்கு இவற்றுள் எது இருந்தது? தோட்டத்து மக்களுக்கு வந்த கடிதம் தோட்டக் கந்தோர் வழியாகவே வரும். தணிக்கையாளர் கைக்குத் தப்பினாலும், கந்தோர்க் கையைத் தொடாமல் லயத்துக்கு வராது. வந்ததைக் கணக்கப்பிள்ளையோ பள்ளிக்கூட வாத்தியாரோ படித்துச் சொல்ல வேண்டும். ஒரே காம்பிராவில் அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளும்; கூரையில் ஒழுக்கு; சுவரில் கறையான். இருந்தும் எத்தனையோ பெண்கள் தமக்குப் படிக்கத் தெரியாத கடிதத்தைச் சேலை மடிப்பில் வைத்து ஆண்டுக்கணக்காகக் காத்தனர். படிக்கத் தெரியாதவர் காத்ததை, படித்த பேரப்பிள்ளைகளாகிய நாமே பழந்தாள் என்று எறிந்தோம். இதைச் சொல்ல நாணமாக இருக்கிறது, ஆயினும் சொல்லவேண்டியிருக்கிறது.

குற்றம் முழுவதும் எம்முடையதன்று. 1964 அக்டோபர் 30 அன்று செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. மலைநாட்டில் மூட்டை கட்டி, தலைமன்னாரிற் கப்பலேறிய குடும்பங்கள் எதை எடுத்துச்செல்வது, எதை விட்டுச்செல்வது என்று கலங்கிய வேளையில், பழைய கடிதக் கட்டு எத்தனை பேருக்கு நினைவில் வந்திருக்கும்? எஞ்சியோர் பலரின் வீடுகள் 1977 இலும் 1983 இலும் எரிந்தன. வீட்டோடு எரிந்த பெட்டிகளைக் கணக்கெடுத்தவர் எவருமில்லை.

இத்தீவின் சொந்தப் போரும் கடிதங்களை உண்டாக்கிற்று. 1987 முதல் 1990 வரை இங்கிருந்த இந்தியப் படையில் சென்னைப் படைப்பிரிவினரும் இருந்தனர். தமிழ்நாட்டு வீடுகளுக்கு அவர்கள் எழுதிய கடிதங்கள் இன்னும் சில பெட்டிகளில் இருக்கக்கூடும். கண்டிக் கிராமங்களிலிருந்து வடக்கே சென்ற சிங்கள இளைஞர்கள் தாய்மாருக்கு எழுதினர். மறுபுறம் நின்ற தமிழ் இளைஞர்களும் எழுதினர். எழுதாமலே மறைந்தோரும் பலர். பாதை அடைபட்ட இடங்களுக்கும் சிறைகளுக்கும் இடையே செஞ்சிலுவைச் சங்கத்தார் உறை ஒட்டாத குடும்பச் செய்தித் தாள்களைக் கொண்டுசென்றனர். அதிலும் குடும்ப நலம் தவிர வேறு எழுதலாகாது. நலம் என்ற ஒரு சொல்லுக்காகத் தாய்மார் எத்தனை மாதம் காத்திருந்தனர் என்பதை எம் தலைமுறையினருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பிறர் கடிதத்தைப் படிப்பது முறையோ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. தணிக்கையாளன் கேளாமற் படித்தான். நாம் கேட்டுப் படிக்க வேண்டும். வீட்டார் விரும்பாததை அச்சேற்றுதல் ஆகாது. கணவன் மனைவிக்கு எழுதியதில் ஊருக்கு உரியதும் உண்டு, உரியதல்லாததும் உண்டு. எதை வெளியிடலாம் என்பதை வீட்டாரே தீர்மானிக்கட்டும். அழியாமல் வைப்பதும் வெளியிடுவதும் வெவ்வேறு செயல்கள். முன்னதற்கு இன்று காலம் மிகக் குறைவு, பின்னது காத்திருக்கும்.

ஆகவே வாசகர்களை நான் வேண்டுவன சில. பெட்டியைத் திறவுங்கள். கடிதத்தையும் உறையையும் பிரிக்காதீர்கள். முத்திரைக்காக உறையின் மூலையை வெட்டாதீர்கள். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். அதன் பசையே பின்னர்த் தாளைக் கெடுக்கும். பிளாஸ்டிக்கில் வைத்து உருக்கி மூடாதீர்கள். ஈரமற்ற இடத்தில், வெள்ளைத் தாளிற் சுற்றி வையுங்கள். இருபுறமும் புகைப்படம் எடுங்கள். கடிதத்திற் கண்ட பெயர்கள் யார் யாருடையவை என்பதை மூத்தோர் உயிரோடிருக்கும்போதே கேட்டு வேறு தாளில் எழுதி வையுங்கள். பிரதியொன்றை எமது மொழியின் ஆவணங்களை இணையத்திற் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கோ, கொழும்பிலுள்ள தேசிய சுவடிக் கூடத்துக்கோ, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ கொடுக்க முயலுங்கள். மூலம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

இனி, கெலிஓயா அன்பருக்கு நான் சொன்ன விடை. வெறும் உறை வெறும் உறையன்று என்றேன். இடத்தின் பெயரை எழுதக்கூடாது என்று அன்று தடுத்தவர்களே, தபாற்கந்தோரின் எண்ணைத் தம் கையாற் குத்தி அனுப்பினார்கள். எந்த எண் கொண்ட கந்தோர் எந்த நாளில் எந்த ஊரில் இருந்தது என்ற பட்டியல்களைத் தபால் வரலாற்று ஆராய்ச்சியாளர் பின்னர்த் தொகுத்திருக்கின்றனர். எண்ணும் தேதியும் தெளிவாக இருந்தால், எகிப்தா பர்மாவா என்ற எண்பது ஆண்டுச் சந்தேகம் தீரக்கூடும். உறையின் இருபுறத்தையும் படமெடுத்து, அத்துறை அறிந்தவர்களுக்கு அனுப்புவதாக வாக்களித்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. எழுந்து செல்லும்போது, ஏதோ நினைவுக்கு வந்தவராக வாயிலில் நின்றார். “ஐயா, கம்பளையில் எங்கள் அத்தை இருக்கிறார். தொண்ணூறு கடந்துவிட்டது. இந்தக் கடிதம் வந்தபோது அவர் சிறுபிள்ளை. வாத்தியார் படிக்கப் படிக்கத் தாமும் கேட்டதாக முன்பு ஒருமுறை சொன்னார். சினைப்பசு கன்று போட்டதா என்று கேட்டு எழுதியிருந்தாராம். மற்றதை நாங்கள் கேட்கவேயில்லை” என்றார்.

“இன்றே போய்க் கேளுங்கள்” என்றேன். எழுதிக்கொள்ளக் கொப்பி ஒன்று வேண்டும் என்றார். மேசையிலிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வண்டிக்கு நேரமிருக்கிறதா என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அவர் படியிறங்கினார்.